கறுப்பு விராலும் வெளுத்த விராலும்

(பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் சார்பில்)

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும் எங்களில் ஒருத்தியின் தாயார், உறையூர்ப் பக்கத்து மீன் சந்தைக்கு விரால் வாங்கப் புறப்பட்டார்கள். நாங்களும் பை தூக்கும் சாக்கில் உடன் சென்றோம். அங்கே வயதான ஒரு பாட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி உயிர் விரால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்தாற்போல் ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில் விரால் வைத்திருந்தார். பாட்டியின் மீன்கள் கரிக்கட்டை போல இருந்தன. அடுத்தவருடைய மீன்களோ இளம்பச்சை கலந்த பழுப்பாய், விலாவில் கோடுகள் பளிச்சென்று தெரிய, பார்க்கவே அழகாக இருந்தன.

"இது உய்யக்கொண்டான்ல புடிச்ச சாக்கடை மீனு. பாரு, எப்படிக் கறுத்துக் கெடக்கு!" என்றார்கள் தோழியின் தாயார்.

"இல்லை தாயி, ரெண்டு பேரும் ஒரே ஏரிச் சரக்குதான் எடுத்தோம். விடியக்காலம் ஒரே வண்டியில வந்து எறங்குச்சு" என்றார் பாட்டி. அம்மா நம்பவில்லை. அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் பாட்டி யாரிடமென்றில்லாமல் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "பொண்ணையும் நெறத்தைப் பாத்துதான் வேணாங்குறாங்க, மீனையும் நெறத்தைப் பாத்துதான் வேணாங்குறாங்க."

எங்கள் நால்வரில் இருவர் கறுப்பு. ஆகவே அந்தச் சொல் எங்களைச் சும்மா விடவில்லை. பாட்டி சொன்னது மெய்யா, அம்மா சொன்னது மெய்யா? ஒரே ஏரியில் பிறந்த மீன் இரண்டு நிறமாக இருக்க முடியுமா? திங்கட்கிழமை விஞ்ஞான வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டோம். "எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். நீங்களே தேடிக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று கூறிவிட்டார்கள். அவ்வாறு தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் எங்களுக்கு எழுந்த ஐயம், அவை இரண்டும் வேறு வேறு சாதி மீன்களாக இருக்குமோ என்பது. நம் பக்கத்து நீர்நிலைகளில் விராலும் உண்டு. அதன் தம்பி போன்ற குரவையும் உண்டு. இரண்டுக்கும் பாம்பின் தலை போன்ற தலை. இரண்டும் நீருக்கு வெளியே தலை நீட்டிக் காற்றைச் சுவாசிக்க வல்லவை. அதனால்தான் சந்தையில் அவை உயிரோடு விற்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிய நிறத்தைப் பார்ப்பதைவிட எண்ணிக்கையைப் பார்ப்பதே நம்பகமான வழி. விராலின் நீண்ட முதுகுத் துடுப்பில் சுமார் 40 கதிர்கள் இருக்கும். குரவைக்குச் சுமார் 30 மட்டுமே. பக்கவாட்டில் செவுள் முதல் வால் வரை ஓடும் கோட்டின்மேல் விராலுக்கு 50க்கு மேற்பட்ட செதில்கள். குரவைக்கு 40க்குள் அடங்கும். அடுத்த வாரம் பாட்டியிடம் ஒன்றும் அடுத்த கடையில் ஒன்றுமாக வாங்கி, சமையலறை மேடையில் வைத்துத் துடுப்பை விரித்து ஊசியால் ஒவ்வொரு கதிராக எண்ணினோம். கறுப்பு மீனுக்கு 42. வெளுத்த மீனுக்கு 41. இரண்டும் விராலே என்பதில் ஐயமில்லை. (எங்கள் நால்வரில் ஒருத்தி ஸ்ரீரங்கத்துச் சைவ வீட்டுப் பெண். அவள் மீனைத் தொடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றபடி கணக்கை மட்டும் நோட்டில் எழுதினாள். பிற்பாடு எங்களில் மிகக் கூர்மையாகக் கவனித்தவள் அவளே என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும்.)

இந்த விராலுக்கு விஞ்ஞானப் பெயர் இட்டவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் ப்ளாக் என்பவர், ஆண்டு 1793. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நம் தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த ஜான் என்னும் பாதிரியார் இங்கிருந்து பெர்லினுக்கு மீன்களை அனுப்பிவந்தார். மீன் கெடாமலிருக்கச் சாராயத்தில் ஊறப்போடுவது வழக்கம். அப்படி ஊறிய மீன் நாளடைவில் தன் உண்மையான நிறத்தை இழந்துவிடும். எனவே அக்காலத்து அறிஞர்கள் பலர், மீனின் உயிருள்ள நிறத்தைக் காணாமலேயே கதிரையும் செதிலையும் எண்ணி அவற்றை வகைப்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயமே ஒருவகையில் நன்மையாயிற்று என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சரி, ஒரே மீன் எப்படி இரண்டு நிறம் கொள்ளும்?

மீனின் தோலில் நிறச் செல்கள் என்ற மிக நுண்ணிய உயிரணுக்கள் இருக்கின்றன. கறுப்புச் செல்களில் மெலனின் என்னும் பொருள் துகள் துகளாக இருக்கும். நம் தோலுக்கும் கூந்தலுக்கும் நிறம் தருவதும் இந்த மெலனினே. மஞ்சள் செல்கள், சிவப்புச் செல்கள் தனியே உண்டு. இவை தவிர, குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் அடங்கிய செல்களும் உண்டு. அவற்றுக்கென்று சொந்த நிறம் கிடையாது, கண்ணாடிச் சில்லைப் போல ஒளியைத் திருப்பி அடிக்கும். கெண்டை மீன் வெள்ளிக்காசு போல மின்னுவது இதனால்தான்.

விந்தை என்னவென்றால் கறுப்புச் செல் ஒவ்வொன்றும் நட்சத்திரம் போலக் கிளைகள் விட்டிருக்கும். மெலனின் துகள்கள் அந்தக் கிளைகளெங்கும் பரவினால் மீன் கறுத்துத் தோன்றும். துகள்கள் எல்லாம் நடுவில் ஒரு புள்ளியாக ஒடுங்கினால் மீன் வெளுத்துத் தோன்றும். செல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மெலனினும் அதே அளவுதான். கோலம் போடும் மாவைக் கையில் மூடி வைத்திருப்பதற்கும் வாசல் முழுதும் தூவிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஒடுங்கச் சொல்லும் கட்டளை பெரும்பாலும் நரம்பு வழியாக வருகிறது. ஆதலால் சில நிமிடங்களிலேயே நிறம் மாறிவிடும். பரவச் செய்யும் ஹார்மோன் ஒன்று மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து வருகிறது. அதற்கு அதிக நேரம் ஆகும். இவையன்றி மூன்றாவதொரு மாற்றமும் உண்டு. ஒரு மீன் பல வாரங்கள் கறுத்த இடத்திலேயே வாழ்ந்தால், கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. வெளுத்த இடத்தில் வாழ்ந்தால் குறைந்துவிடுகிறது. இவ்வாறு வந்த நிறம் நிமிடத்தில் போகாது.

கறுக்கவேண்டுமா வெளுக்கவேண்டுமா என்பதை மீன் எப்படி அறிகிறது? கண்ணால்தான். மேலிருந்து வரும் ஒளி மீன் விழித்திரையின் கீழ்ப்பாதியில் விழுகிறது. தரையிலிருந்து பட்டு எழும் ஒளி மேற்பாதியில் விழுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் அடித்தரை வெளுப்பா கறுப்பா என்பது மீனுக்குத் தெரிந்துவிடும். தரை கறுப்பானால் கீழிருந்து ஒளி வராது, மீனும் கறுக்கும். பின்னாளில் தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்து 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் அவர்கள், இளமையில் மீன்களின் நிறத்தையே ஆராய்ந்தார். கண்ணிழந்த சிறு ஆற்று மீன்கள் கறுத்துப்போவதையும், ஆனாலும் அவற்றின் நெற்றியில் ஒளி படும்போதும் மறைக்கும்போதும் நிறம் சிறிது மாறுவதையும் 1911ஆம் ஆண்டில் வெளியிட்டார். மூளையின் மேற்புறத்திலுள்ள உறுப்பும் ஒளியை உணர்கிறது என்பது அதனால் புலனாயிற்று.

இந்த நிறமாற்றத்தால் மீனுக்குப் பயன் உண்டா என்று கேட்டவர் சம்னர் என்ற அமெரிக்கர். கொசுப் புழுவை ஒழிக்க நம் ஊர்க் கிணறுகளிலும் விடுவார்களே, கம்பூசியா என்ற குட்டி மீன், அதையே அவர் எடுத்துக்கொண்டார். சிலவற்றைக் கறுப்புத் தொட்டியிலும் சிலவற்றை வெள்ளைத் தொட்டியிலும் வாரக்கணக்கில் வளர்த்து, பின்பு இரண்டையும் கலந்து ஒரே தொட்டியில் விட்டு, அதில் ஒரு பெங்குவின் பறவையையும் இறக்கிவிட்டார்! தொட்டியின் நிறத்தோடு ஒத்த மீன்களைவிட ஒவ்வாத மீன்களே அதிகம் பிடிபட்டன. இது 1934ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி. நம் முக்கொம்பிலும் கொள்ளிடத்திலும் பெங்குவின் இல்லை. ஆனால் கொக்கும் நீர்க்காகமும் இருக்கின்றன.

படித்தது போதும், பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். ஜீயபுரத்தில் எங்களில் ஒருத்தியின் மாமாவுக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டிய குட்டையிலிருந்து விரல் நீள ஜிலேபிக் குஞ்சுகள் 12 பிடித்துத் தந்தார். விரால் குஞ்சு கேட்டதற்கு, "அதைப் பிடிச்சா தாய் மீனு கையைக் கடிக்கும்" என்று மறுத்துவிட்டார். கறுப்பு வாளியில் 6, வெள்ளை வாளியில் 6 விட்டோம். வாளிகள் கிணற்றடி நிழலில் அருகருகே இருந்தன. அரை மணி நேரத்துக்குள்ளாகவே வேறுபாடு தெரியத் தொடங்கிற்று. கறுப்பு வாளி மீன் ஒன்றையும் வெள்ளை வாளி மீன் ஒன்றையும் கண்ணாடிப் புட்டியில் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். முதல் நாளில் வாளியை மாற்றி விட்டபோது உடனே நிறமும் மாறிற்று. மூன்று வாரம் கழித்து மீண்டும் மாற்றினோம். இம்முறை கறுப்பு வாளி மீன்கள் வெள்ளை வாளியில் முழுவதும் வெளுக்கவில்லை. புகை படிந்தாற்போலவே இருந்தன. செல்களின் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும் என்று சிஸ்டர் கூறினார்கள். இதற்குள் இரண்டு மீன்கள் துள்ளி விழுந்து இறந்தன; ஒன்றைப் பூனை தின்றது. பிறகுதான் வாளிகளின்மேல் கொசுவலை கட்டினோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்துத் தோழி ஒன்று கவனித்தாள். வெள்ளை வாளிக்குள் கையை விட்டால் மீன்களின் விலாவில் கரும்பட்டைகள் குறுக்காகத் தோன்றின; கையை எடுத்துச் சற்று நேரமானதும் அவை மறைந்தன. தரையின் நிறம் மாறவில்லை. மீனின் அச்சமே அந்தப் பட்டைகளை எழுதிற்று.

இனி எங்கள் ஊரை எடுத்துக்கொள்வோம். மீன் நிறத்தைப் படிப்பதற்குத் திருச்சிராப்பள்ளியைப் போல் வசதியான ஊர் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஊருக்கு மேற்கே முக்கொம்பில் ஒரே ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஆர்தர் காட்டன் துரை 1836ஆம் ஆண்டு அங்கே அணை கட்டத் தொடங்கினார். தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமும் ஓட, நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து ஆடிப்பெருக்கின்போது காவிரி செந்நிறமாய்க் கலங்கி ஓடும். கலங்கிய நீரில் மண்துகள்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மேல், கீழ் என்ற வேறுபாடு குறைந்துவிடும். ஆகவே அக்காலத்தில் ஆற்று மீன்கள் கோடு மங்கி, வெளுத்துத் தோன்றுகின்றன. கொள்ளிடமோ வெள்ளம் வடிந்த பின் அகலமான மணல்வெளி. ஆங்காங்கே தேங்கிய மடுக்களில் தண்ணீர் தெளிவாக இருக்கும்; அடியில் வெள்ளை மணல். அங்கு அகப்படும் மீன் மணலின் நிறத்தையே பூசிக்கொண்டிருக்கும். ஊருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் அடியெல்லாம் கரிய சேறும் பாசியும் வெங்காயத் தாமரையும். அங்கே மீன் கறுத்துத்தான் இருக்கும். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துப் பச்சைத் தண்ணீரில் மீனைப் பார்ப்பதே அரிது. பொரி போட்டால் வாய் மட்டும் தெரியும்.

ஆக, தோழியின் தாயார் கூறியதிலும் பாதி உண்மை இருக்கிறது. சேற்று வாய்க்கால் மீன் கறுக்கும் என்பது சரி. ஆனால் கறுத்த மீனெல்லாம் சேற்று வாய்க்கால் மீன் ஆகாது. தருக்க நூலில் இதற்கு ஒரு பெயர் உண்டாம். அது எங்கள் பாடத்தில் இன்னும் வரவில்லை.

தரை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜிலேபி மீனையே பாருங்கள். இது நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று காவிரியில் தூண்டில் போடும் சிறுவர்களைக் கேட்டால் முதலில் சொல்லும் பெயர் இதுவே. சாதாரணமாகச் சாம்பல் நிறமாக இருக்கும் ஆண் ஜிலேபி, இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுதும் மையைப் போலக் கறுத்து, தொண்டை மட்டும் வெளுத்து, துடுப்பு ஓரங்கள் சிவந்து, பார்க்க வேறு மீன் ஆகிவிடும். அடித்தரையில் வட்டமாய்க் குழி பறித்து, அதைக் காவல் காத்து நிற்கும். இன்னொரு ஆண் வந்தால் சண்டை. தோற்ற மீன் தன் கறுப்பை இழந்து பெண் மீனைப் போல வெளுத்துவிடுகிறது! மீன் உலகில் கறுப்பு, வென்றவன் உடுத்தும் பட்டாடை. பெண் மீனோ சாம்பல் நிறமாகவே இருந்து, முட்டைகளைத் தன் வாய்க்குள் அடக்கிப் பொரிக்கிறது; குஞ்சுகள் வெளியே வந்த பின்னும் ஆபத்து வந்தால் அவை தாயின் வாய்க்குள்ளேயே ஓடி ஒளிகின்றன. வாய்க்குள் பிள்ளைகளை வைத்திருக்கும் நாட்களில் அவள் இரை எடுப்பது மிகக் குறைவு. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சண்டையிடும் தகப்பனைவிட அந்தச் சாம்பல் நிறத் தாயே எங்களுக்குப் பிடித்திருக்கிறாள்.

வயதும் நிறத்தை மாற்றும். விரால் குஞ்சுகள் முதலில் செந்நிறமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒன்றாய்த் திரண்டு மேலே வந்து மூச்சுவிடும்போது, குளத்தில் குங்குமம் கரைத்தாற்போல் தெரியும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். வளர வளரச் செம்மை மறைந்து, பசுமை கலந்த கரும்பழுப்பு வந்துவிடும். குஞ்சையும் பெற்றோரையும் தனித்தனியே பார்த்தவன் இரண்டும் ஒரே மீன் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். அந்தச் செந்நிறக் கூட்டத்தை அடையாளமாக வைத்துத்தான் அடியில் நிற்கும் பெரிய விராலைத் தூண்டில்காரர் பிடிக்கிறார்கள் என்று ஜீயபுரத்து மாமா கூறினார். காவல் நின்ற குற்றத்துக்காக அது பிடிபடுகிறது.

உணவும் சேர்ந்துகொள்கிறது. மீனின் மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் கரோட்டின் இனத்துப் பொருள்களால் ஆனவை. இவற்றை மீன் தானாக உண்டாக்க இயலாது. பாசியையும் சிறு இறால்களையும் தின்றே பெறுகிறது. வீட்டுத் தொட்டியில் வெறும் பொரியும் சோறும் போட்டு வளர்க்கும் தங்கமீன் நாளடைவில் வெளிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டிலும் இக்குழப்பம் உண்டு. வட அமெரிக்க ஓடைகளில் சிறுவாய் பாஸ் என்னும் மீன் வாழ்கிறது. பாறையடியில் தெளிந்த நீரில் வெண்கலம் போல் பழுப்பாகவும், செடி நிறைந்த இடத்தில் பச்சையாகவும், சில ஓடைகளில் ஏறக்குறைய கறுப்பாகவும் கிடைக்கும். விலாவிலுள்ள நெடும்பட்டைகள் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் மறையும். ஒரே ஓடையில் பிடித்த இரண்டை வைத்துக்கொண்டு வேறு வேறு மீன் என்று வாதிடுவோர் அங்கும் உண்டாம். இதன் இனப்பெயரின் பொருள் ‘சிறு துடுப்பு’. உண்மையில் இதன் துடுப்பு ஒன்றும் சிறிதன்று. 1802இல் பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் அவர்களுக்குக் கிடைத்த மீனின் முதுகுத் துடுப்பு கிழிந்து துண்டாயிருந்தது. அதையே இயல்பு என்று அவர் எண்ணிவிட்டார். யாரோ கடித்த காயம் 200 ஆண்டுகளாக அந்த மீனின் பெயராக நிற்கிறது.

இவ்வளவு எழுதிய பிறகு, நிறத்தை நம்பவே கூடாது என்று முடிக்க நாங்கள் ஆயத்தமாக இருந்தோம். அப்போதுதான் சிஸ்டர் எங்களுக்குக் காவிரி மாசீரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். அது எங்கள் முடிவைக் கெடுத்துவிட்டது.

மாசீர் கெண்டைக் குடும்பத்தில் அரசன். அதிலும் காவிரியில் முதுகு திமில் போல் உயர்ந்த ஒருவகை இருந்தது. 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. எங்களில் மெலிந்தவளைவிட அது கனம். தூண்டில்காரர்கள் இதனைச் செம்மஞ்சள் துடுப்பு மாசீர் என்று நிறத்தால் அழைத்தனர். பின்னர் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்த நீலத் துடுப்பு மாசீர் குஞ்சுகளைக் காவிரியில் ஏராளமாக விட்டார்கள். மாசீர் என்றால் மாசீர்தானே, துடுப்பு எந்த நிறமானால் என்ன என்று எண்ணப்பட்டது போலும். நீலத் துடுப்பு மீன் பெருகப் பெருக, செம்மஞ்சள் துடுப்பு மீன் அருகிப்போயிற்று. அதற்கு அதுவரை சரியான விஞ்ஞானப் பெயர்கூட நிலைபெறவில்லை. 2018ஆம் ஆண்டில்தான் அறிஞர்கள் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து, கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு ஏற்கெனவே இடப்பட்டிருந்த டார் ரெமாதேவி என்ற பெயரே இதற்கும் உரியது, இது தனி இனம் என்று உறுதி செய்தனர். நம் நாட்டு மீனியல் அறிஞர் ரெமா தேவி அம்மையாரின் பெயரால் அமைந்தது அது. பாம்பாறு அமராவதியில் சேர்ந்து, அமராவதி கரூர் அருகே காவிரியில் சேர்ந்து, அந்த நீர்தான் அம்மாமண்டபத்துப் படிகளைத் தொடுகிறது. அதே ஆண்டில் இம்மீன் அழியும் விளிம்பில் உள்ளவற்றின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே நிறம் பொய் சொல்லவில்லை. நிறத்தைக் கண்டு இரண்டும் வேறு என்று சொன்ன தூண்டில்காரர்களே சரி. என்றாலும் அவர்கள் சொல்லை உறுதிப்படுத்த எலும்பும் செதிலும் மரபணுவும் சாட்சிக்கு வரவேண்டியிருந்தது. ஆகையால் நிறம் ஒரு கேள்வியை எழுப்பும், விடையை வேறிடத்தில் தேட வேண்டும் என்ற அளவில் நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இறந்த மீன் வாங்கும்போது செவுள் சிவந்திருக்கிறதா, கண் குழியாமல் தெளிந்திருக்கிறதா, சதையை அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்புகிறதா, நாற்றம் எப்படி என்று பாருங்கள். மேல்தோலின் கறுப்பு வெளுப்பு இவற்றில் எதையும் தெரிவிக்காது. கழிவு கலந்த நீரில் வளர்ந்த மீன் பளபளப்பாகவும் இருக்கக்கூடும். அதை நாவாலோ கண்ணாலோ அறிய முடியாது என்பதுதான் கவலைக்குரியது.

தை மாதத்தில் மீண்டும் அந்தச் சந்தைக்குச் சென்றோம். தோழியின் தாயாரையும் வற்புறுத்தி அழைத்துப் போனோம். இம்முறை ஸ்ரீரங்கத்துத் தோழியும் வந்தாள். பாட்டியிடம், "உங்கள் டப்பு கறுப்பாக இருப்பதால்தான் மீன் கறுக்கிறது, பாட்டி. ஒரு மீனை வெள்ளைப் பாத்திரத்தில் விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டோம். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லும் பெருமை எங்களுக்கு. பாட்டி சிரித்தார்.

"அது எனக்குத் தெரியாதா பாப்பா? வெள்ளைப் பெட்டியில போட்டா பளபளன்னு இருக்கும், சனம் வந்து வாங்கும். ஆனா விரால் வெளிச்சத்துக்கு மிரண்டு துள்ளும். துள்ளித் துள்ளி மூஞ்சியை ஒடைச்சிக்கும். கறுப்பு டப்புன்னா இருட்டுன்னு நெனச்சி அடங்கிக் கெடக்கும்."

எங்களுக்காக ஒரு விராலை வெள்ளை எனாமல் பேசினில் விட்டு, மேலே பலகையை வைத்து மூடினார். அரை மணி நேரம் சந்தையைச் சுற்றிவிட்டு வந்தோம். அது முழுவதும் வெளுத்திருக்கவில்லை. முதுகு கறுப்பாகவே இருந்தது. ஆனால் விலாவில் முன்பு தெரியாத கோடுகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, "டப்புல இருக்கிறதுலயே ரெண்டு எடுங்க" என்றார்கள். பாட்டி நிறுத்துப் போட்டார். பேசினிலிருந்த மீன் ஒரே துள்ளலாய்த் துள்ளி எங்கள் சீருடையெல்லாம் தண்ணீர் தெறித்தது. ஸ்ரீரங்கத்துத் தோழி ஓடிவிடுவாள் என்று நினைத்தோம். அவள் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள்.